பின்படுக்கை

...நாலாவது கியர் இன்னும் விழவில்லை, மூன்றிலேயே இழுக்கிறான், எதற்கு இழுக்கிறான், கொண்டலாம்பட்டி மேம்பாலம் ஏறி இறங்கியாயிற்று, முன்னால் சமதளம், போட வேண்டியதுதானே... போட்டுவிட்டான். இன்ஜின் ஒரு நொடி மூச்சு வாங்கி மறுபடி சீராக உறுமியது. அருணகிரி கண்ணை மூடியபடியே அதைக் கேட்டான். ஸ்டியரிங்கைப் பிடித்திருந்தது குருமூர்த்தி. அருணகிரி டிரைவர் சீட்டுக்குப் பின்னால், கேபினின் அகலத்துக்குப் போட்டிருக்கும் படுக்கையில் தலையை இடப்பக்கம் வைத்துக் கிடந்தான், ஆனாலும் அவனுடைய வலது கால் தன்னால் விறைத்து, இல்லாத பிரேக்கை மிதித்துக்கொண்டே இருந்தது. தொடை வலித்தது. காலைத் தளர்த்தினான். அடுத்த வளைவில் மறுபடி விறைத்தது. கிருஷ்ணகிரியிலிருந்து அவன்தான் ஓட்டி வந்தான், இப்போது அவன் தூங்கவேண்டிய முறை. ஒருவன் ஓட்டும்போது மற்றவன் தூங்கவேண்டும், ஜோடி டிரைவர் என்றால் அவ்வளவுதான், வேறு பொருத்தம் எதுவும் பார்க்க வேண்டியதில்லை, தூங்காதவன் அடுத்த முறை ஓட்ட லாயக்கில்லாதவன். சேலம் ஜவ்வரிசியை நாக்பூரில் இறக்கிவிட்டு, திரும்பும் வழியில் மக்காச்சோளம் ஏற்றி, இன்றோடு ஒன்பது நாள். இந்த ஒன்பது நாளில் அவன் தூங்கியது எல்லாம் வண்டி நின்றிருந்த நேரங்களில்தான். வண்டி ஓடும்போது, அந்தக் கையில் ஓடும்போது, ஒரு நிமிஷம்கூட இல்லை. "அண்ணா, நல்லாத் தூங்குங்க. நாமக்கல் தாண்டி எழுப்பறனுங்க" என்று டீக்கடையில் சாவியை வாங்கும்போது குருமூர்த்தி சொன்னான். ஒவ்வொரு முறையும் அதையே சொல்கிறான், ஊர்ப்பெயர் மட்டும் மாறுகிறது. தூங்குங்க. இவன் தம்பியிடமும் இதையேதான் சொல்லியிருப்பானா? சிவா, நீ தூங்கு, நான் பாத்துக்கறேன்... சொல்லியிருப்பான்.

வாயைத் திறக்காமல் இருந்திருக்கலாம். எல்லாம் அந்த ஒரு ஞாயிற்றுக்கிழமையால் வந்தது. நாமகிரிப்பேட்டையில் தகரக் கூரை போட்ட ஜெபவீடு, நாற்பது பேர், இரண்டு மின்விசிறி, சத்துருவைச் சிநேகிப்பதைப் பற்றி பாஸ்டர் மூன்றாவது வாரமாகப் பேசினார், கடைசியில், ஒவ்வொருத்தரும் உங்கள் சத்துரு யார் என்று எழுந்து சொல்லுங்கள், மன்னித்தேன் என்று சாட்சி சொல்லுங்கள் என்றார். ஓர் அம்மாள், பக்கத்துக் காட்டுக்காரி வெள்ளாட்டை அவிழ்த்துவிட்டு மரவள்ளியை மேயவிட்டதை மன்னித்தாள். இன்னொருவர் மச்சினனை மன்னித்தார், சீர் வரிசையில் ஏதோ தகராறு, சனம் சிரித்தது, பாஸ்டரும் சிரித்தார். அருணகிரிக்கு அப்போது மனதில் ஓடியதை இப்போது நினைத்தாலும் கூசுகிறது... இதெல்லாம் ஒரு சத்துருவா, என்னிடம் இருக்கிறான் பார் சத்துரு, என்று ஒரு பெருமை. ஆமாம், பெருமைதான். எழுந்தான். ஏழு வருஷத்துக்கு முன்னால் என் தம்பி சிவபிரகாஷ் லாரி விபத்தில் செத்தான், வண்டியை ஓட்டியவன் குருமூர்த்தி, தூங்கிப்போய் நின்றிருந்த டிரெய்லரில் கொண்டுபோய்ச் சொருகினான், அதோடு விட்டானா, ஓட்டியது சிவபிரகாஷ்தான் என்று போலீசில் எழுதிக்கொடுத்தான், செத்தவன் எழுந்து வந்து இல்லை என்று சொல்லவா போகிறான், அந்த குருமூர்த்தியை இன்றைக்கு நான் மன்னிக்கிறேன், அவனை நேசிக்கிறேன். பக்கத்தில் மனைவி மஞ்சுளா வாய்விட்டு அழுதாள். நாற்பது பேரும் கை தட்டினார்கள். யாரோ போனில் படம் பிடித்தார்கள். குருமூர்த்தி அப்போது ஒடிசாவில் ஏதோ போர்வெல் ரிக் வண்டியில் இருந்தான், அருணகிரி அவன் முகத்தைப் பார்த்து ஆறு வருஷம் ஆகியிருந்தது. ஆயிரம் மைலுக்கு அப்பால் இருப்பவனை நேசிப்பதில் ஒரு சிரமமும் இல்லை. அந்த வீடியோ ஊர் ஊராகப் போனது. முதலாளி வெங்கடாசலத்தின் போனுக்கும் போனது. கூட ஓட்டும் அப்புசாமிக்குக் கண் ஆபரேஷன் என்றவுடன் முதலாளி ஆபீசுக்குக் கூப்பிட்டார், உள்ளே போனால் நாற்காலியில் உட்காராமல் சுவரோரமாக நின்றுகொண்டிருக்கிறான் குருமூர்த்தி. "ஏம்ப்பா அருணகிரி, மன்னிச்சுப்போட்டேன்னு நீதான பேசியிருக்கற, நானே ரெண்டு தடவ பாத்தன். என்ற சம்சாரம் பாத்துட்டு அழுவுறா. உன்னயாட்ட மனசு ஆருக்கு வரும்? இவனுக்கு இந்தச் சுத்துவட்டாரத்துல எவனும் வண்டி குடுக்க மாட்டேங்கறான். ஒரு லோடு கூட்டிட்டுப் போ. ஒத்து வந்தா இதே வண்டீல ஜோடியா இருங்க. ஒத்து வரலீன்னா எறக்குனதும் சொல்லிப்போடு, அனுப்பிச்சுர்றேன்." மாட்டேன் என்று எந்த வாயால் சொல்வது? அந்த வாய்தான் வீடியோவில் இருக்கிறதே. குருமூர்த்தி கையைக் கூப்பி, தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னது ஒரே வரி. "வீடியோ பாத்தனுங்கண்ணா." அவ்வளவுதான். தப்புப் பண்ணிட்டேன் என்றோ, நான்தான் ஓட்டினேன் என்றோ ஒரு வார்த்தை இல்லை. அன்றிலிருந்து இன்றுவரை இல்லை.

மல்லூர் வந்திருக்கும், ஹாரன் சத்தம் கூடியிருக்கிறது. ஒரு பஸ்காரன் உரசுவது போல ஏறிப்போனான், குருமூர்த்தி இடப்பக்கம் லேசாக ஒதுங்கி வழி விட்டான், திட்டவில்லை. நன்றாகத்தான் ஓட்டுகிறான். அதுதான் சகிக்க முடியவில்லை. பிரேக்கைச் சுண்டுவதில்லை, வளைவுக்கு முன்னாலேயே வேகத்தைக் குறைக்கிறான், ஒன்பது நாளில் ஒரு குறை சொல்ல முடியவில்லை. மோசமாக ஓட்டியிருந்தால் எவ்வளவு சௌகரியமாக இருந்திருக்கும், இறக்கியதும் முதலாளியிடம், வண்டி ஓட்டத் தெரியலீங்க என்று ஒரே வார்த்தையில் முடித்திருக்கலாம், மன்னிப்புக்கும் அதற்கும் சம்பந்தமில்லை என்று மஞ்சுளாவிடமும் சொல்லியிருக்கலாம். இப்போது என்ன சொல்வது? பிடரியில் நரைமுடி இவ்வளவு வந்துவிட்டதே இவனுக்கு, சிவபிரகாஷ் வயதுதானே, இருந்திருந்தால் அவனுக்கும் இப்படித்தான் நரைத்திருக்குமா... நினைக்காதே. பாஸ்டர் சொல்லிக்கொடுத்தபடி செய். அவனுக்காக ஜெபி, ஒரு நாளைக்கு ஒரு தடவை அவன் பெயரைச் சொல்லி ஆசீர்வாதம் கேள், நேசம் தானாக வரும். ஆண்டவரே, குருமூர்த்தியை... குருமூர்த்தியை... என்ன செய்யச் சொல்வது? பெயர் வரைக்கும் வருகிறது, அதற்கு மேல் வினைச்சொல் வரமாட்டேன் என்கிறது. பிணவறைதான் வருகிறது. அங்கே அருணகிரிதான் போய்ப் பார்த்தான். தம்பியின் இரண்டு காலையும் சேர்த்துப் போர்வை சுற்றியிருந்தது, ரத்தத்தில் ஊறி முறுக்கிக்கொண்டு, அதை அவிழ்க்க ஊழியர் கத்தரி எடுத்துவந்தார். கட்டம் போட்ட பச்சைப் போர்வை. எந்த டிரைவராவது காலில் போர்வையைச் சுற்றிக்கொண்டு வண்டி ஓட்டுவானா? கிளட்சை எதால் மிதிப்பான்? எஸ்.ஐ.யிடம் கேட்டான், அவர் எழுதியது எழுதியதுதான் என்றார். பேப்பரில் மூன்று வரி வந்தது, ஓட்டுநர் சிவபிரகாஷ் தூங்கியதால் விபத்து. தம்பி மகன் பள்ளிக்கூடத்தில் இருந்து வந்து, எங்க அப்பா தூங்குமூஞ்சியா பெரியப்பா என்று கேட்டான், அப்போது அவனுக்கு ஆறு வயது.

கலைமணி... தம்பி மனைவி. சாட்சி சொன்ன மறுநாள் அவள் வீட்டு வாசலில் நின்று சொன்னாள், உள்ளே வா என்று கூப்பிடக்கூட இல்லை. "மாமா, நீங்க மன்னிச்சீங்க, சந்தோசம். எனக்கும் சேத்து மன்னிக்கச் சொல்லி உங்களுக்கு ஆருங்க சொன்னா?" அவன் ஏதோ பாஸ்டர் சொன்னதைத் திருப்பிச் சொல்லப்போனான். அவள் விடவில்லை. "அவன் வந்து என்ற பையன் முன்னால நின்னு, நாந்தாண்டா ஓட்டுனேன், உங்கப்பன் தூங்குனது படுக்கற எடத்துல, அப்படீன்னு ஒரு வார்த்த சொல்லட்டும். அப்பறம் நா மன்னிக்கறதா வேண்டாமான்னு பாக்கறேன். நீங்க எதுக்குங்க நடுவுல பூந்து தள்ளுபடி பண்றீங்க?" பாஸ்டரிடம் கேட்டால் ஜெபித்துக்கொள் என்கிறார். நேசிப்பது என்றால் கேட்காமல் இருப்பதா? ஒன்பது நாளில் ஆயிரம் தடவை கேள்வி நாக்கு நுனி வரை வந்தது, ஏண்டா, ஓட்டுனது நீதானடா... கேட்டால் மன்னிக்கவில்லை என்று ஆகிவிடும். கேட்காவிட்டால் கலைமணி சொன்ன தள்ளுபடி. இவன் பக்கம் போனால் அவள், அவள் பக்கம் போனால் வீடியோ. கேபினின் தகரம் மதிய வெயிலில் கொதித்தது, முதுகுக்குக் கீழே ரெக்ஸின் ஒட்டிப் பிரிந்தது, இரண்டு பக்கமும் தகரம், மேலே தகரம், முன்னால் அவன் பிடரி.

அதைவிடப் பெரிய விஷயம் ஒன்று இருக்கிறது, அதை யாரிடமும் சொல்ல முடியாது, மஞ்சுளாவிடம்கூட. இன்று காலை தொப்பூர் இறக்கம். அருணகிரி ஓட்டினான், குருமூர்த்தி இதே படுக்கையில். இருபத்தைந்து டன் முதுகில் தள்ள, இரண்டாவது கியரில் ஊர்ந்து வரும்போது, வலது லேனில் ஒரு டிரெய்லர் பழுதாகி நின்றது, பின்னால் கல் வைத்து, மரக்கிளை ஒடித்துப் போட்டிருந்தார்கள். படுக்கையில் படுத்தவனின் தலை எந்தப் பக்கம் இருக்கும் என்று மனசு கணக்குப் போட்டது. கை ஒன்றும் செய்யவில்லை. ஸ்டியரிங் ஒரு நூல்கூட அசையவில்லை. ஆனால் மனசு அளந்தது, எவ்வளவு திருப்பினால், எந்தப் பக்கம் வாங்கினால், கேபினின் எந்த மூலை நசுங்கும், டிரைவர் பக்கம் தப்புமா என்றுகூட... தப்பும் என்று பதிலும் சொன்னது. பிறகு ஓட்டியது அவன்தான் என்று எழுதிக்கொடுத்துவிடலாம் என்றும் சொன்னது. ஒரு விநாடி. ஞானஸ்நானம் எடுத்து நான்கு வருஷம் ஆன மனசு. சிமெண்ட் தொட்டியில் முக்கி எடுத்து, இனி நீ ஆபிரகாம் என்று பாஸ்டர் சொன்னார், லைசென்ஸில் இன்னும் அருணகிரிதான், தொப்பூரில் இறங்கிவந்தது அருணகிரியா ஆபிரகாமா?

ஆண்டகளூர் கேட். ராசிபுரத்துக்குப் பிரியும் இடம், பஸ் ஆட்களைக் கூவும் சத்தத்தை வைத்தே தெரியும். இனி புதுச்சத்திரம். புதுச்சத்திரம் தாண்டி ஒன்றரை கிலோமீட்டரில், இடதுகை ஓரத்தில், தம்பி செத்த அந்த இடம். ஏழு வருஷமாக அருணகிரி அந்த இடத்தைத் தானே ஓட்டித் தாண்டியிருக்கிறான், இருநூறு தடவைக்கு மேல் இருக்கும், படுத்துக்கொண்டு ஒரு தடவையும் தாண்டியதில்லை. இன்று தாண்டப் போகிறான், தம்பி படுத்த மாதிரியே, தம்பியைத் தாண்டவிடாத அதே கையில். எழுந்து உட்காரலாம். பாத்ரூம் போகவேண்டும் என்று சொல்லி நிறுத்தச் சொல்லலாம். எழுந்தால் பயம் என்று தெரிந்துவிடும், பயம் என்று தெரிந்தால்... தெரிந்தால் என்ன? அவன் பிடரியையே பார்த்தான். ஆண்டவரே, கண்ணை மூட வையுங்கள், ஒரு கிலோமீட்டர் போதும், அதற்கு மேல் கேட்கவில்லை... வண்டி மெதுவானது. நாலு, மூன்று, இரண்டு. எதற்கு இரண்டு? பின்னால் கார்கள் கத்தின. குருமூர்த்தி நிமிர்ந்து, சீட்டின் நுனிக்கு வந்து, இரண்டு கையாலும் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு, சைக்கிள் பழகுபவன் போல ஓட்டினான். பிடரியில் வேர்வை ஓடுவதை அருணகிரி பார்த்தான். அந்த இடம் வந்தது, ஜன்னலில் ஒரு வேப்ப மரத்தின் நுனி, போனது. இருநூறு அடி தள்ளி வண்டியை ஓரம் கட்டி நிறுத்திவிட்டான். இன்ஜினை அணைக்கவில்லை. திரும்பவும் இல்லை.

"அண்ணா."

"என்ன?"

"கண்ணு இருட்டீட்டு வருதுங்க. மிச்சத்த நீங்க ஓட்டறீங்களா?"

"ஒடம்பு செரியில்லியா?"

"அதில்லீங்க..." ஏதோ சொல்ல வந்தான். அருணகிரி காத்திருந்தான், சொல்லுடா, இப்போது சொல், இந்த இடத்தில் சொல்லாமல் வேறு எங்கே சொல்வாய், நான் கேட்கமாட்டேன், நீயாகச் சொல்... "அதில்லீங்க, காத்தாலிருந்து வெறும் வவுறு. வேற ஒண்ணுமில்லீங்க" என்று குருமூர்த்தி சொல்லிவிட்டு, கதவைத் திறந்து கீழே குதித்தான்.

அருணகிரி ஸ்டியரிங்குக்கு வந்தான். மறுபக்கம் ஏறி குருமூர்த்தி படுக்கைக்குப் போனான், படுத்தான். முதல் கியர், இரண்டு, மூன்று. கால் தளர்ந்தது, இப்போது பிரேக் உண்மையிலேயே காலுக்குக் கீழே இருக்கிறது. முன்கண்ணாடிக்கு மேலே தலை சீவுவதற்காக அப்புசாமி ஒட்டிவைத்த சின்னக் கண்ணாடி ஒன்று உண்டு, வண்டி குலுங்கியதில் அது சரிந்திருந்தது, நிமிர்த்தி வைத்தான், படுக்கை தெரிந்தது. குருமூர்த்தியின் கண் திறந்திருந்தது. மேலே தகரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான். சரி, உடம்பு சரியில்லாதவன், தூக்கம் வரவில்லை போல. மறுபடி பார்த்தபோது ஒரு கை தெரிந்தது, படுக்கைக்கு மேலே போகும் இரும்புக் கம்பியைப் பிடித்திருந்தது, பஸ்ஸில் நிற்பவன் பிடிப்பது போல, விரல் கணு வெளுக்க. காலைப் பார்த்தான். செருப்பு போட்டிருந்தான். தோல் செருப்பு, வார் இறுக்கிக் கட்டியது. எவன் செருப்போடு படுப்பான்? கதவைத் திறந்து குதிக்கத் தயாராக இருப்பவன் படுப்பான். கண்ணாடியில் இருந்து பார்வையை எடுத்துச் சாலையில் வைத்தான், சாலை ஒன்றும் தெரியவில்லை, தொப்பூர்தான் தெரிந்தது. காலையிலும் இவன் இப்படித்தான் கிடந்தானா? கம்பியைப் பிடித்துக்கொண்டு, இந்த முதுகைப் பார்த்துக்கொண்டு, எந்தப் பக்கம் திருப்புவான் என்று இவனும் அளந்துகொண்டு? ஒன்பது நாளும்? அப்படியானால் ஒன்பது நாளும் இவனும் தூங்கவில்லை. தூங்காதவன் கையில் நான் படுத்திருந்தேன், நான் தூங்கவிடாமல் வைத்தவன் கையில். வீடியோவை மஞ்சுளா நம்பினாள், பாஸ்டர் நம்பினார், முதலாளியும் அவர் சம்சாரமும் நம்பினார்கள், கலைமணிகூட நம்பித்தான் சண்டைக்கு வந்தாள். நம்பாதவன் இவன் ஒருவன்தான். என்னைச் சரியாகப் பார்த்தவன் இந்த உலகத்தில் இவன் ஒருவன்தானா? சத்துரு, சத்துரு என்று ஏழு வருஷமாக வெளியே ஒருத்தனைத் தேடிக்கொண்டிருந்தேன், நானும் ஒருத்தனுக்குச் சத்துரு என்று எந்த ஞாயிற்றுக்கிழமையும் தோன்றவில்லையே... பயப்படட்டும். பயம் நல்லதுதான். நினைத்தவுடன் நாக்கில் ஒரு ருசி தட்டியது, மன்னித்தேன் என்று சொன்னபோது இல்லாத ருசி. அதையும் கவனித்தான். துப்ப வேண்டும் போலவும் இருந்தது, இன்னும் கொஞ்ச நேரம் வைத்திருக்க வேண்டும் போலவும் இருந்தது.

நாமக்கல் கோட்டைப் பாறை தூரத்தில் தெரிய ஆரம்பித்தபோது போன் அடித்தது. முதலாளி. ஸ்டியரிங் பக்கத்தில் மாட்டியிருந்த போனை விரலால் தொட்டான், அது எப்போதும் ஸ்பீக்கரில்தான் பேசும், கேபின் முழுக்க வெங்கடாசலத்தின் குரல் நிறைந்தது.

"அருணகிரி, எங்கப்பா இருக்கற?"

"நாமக்கல் வந்தாச்சுங்க. எருமப்பட்டி மில்லுக்கு ஒரு மணி நேரத்துல போயிருவனுங்க."

"செரி, அவன் எப்படி? ஒத்து வாரானா? ரெண்டுல ஒண்ணு இப்பச் சொல்லிப்போடு, நாளைக்கு அடுத்த லோடு இருக்குது. இல்லீன்னா அவன மில்லுலயே எறக்கி உட்ரு, ஒண்ணும் பிரச்சனையில்ல."

கண்ணாடியில் கம்பியைப் பிடித்த கை அசையவில்லை. கண் மட்டும் தகரத்திலிருந்து இறங்கி, கண்ணாடிக்கு வந்து, அருணகிரியின் கண்ணைப் பார்த்தது. இப்படி நேருக்கு நேராக அது பார்ப்பது இதுதான் முதல் தடவை. ஒத்து வரலீங்க. இரண்டு சொல். ஆமாங்க, வாரானுங்க. அதுவும் இரண்டு சொல். கலைமணி வாசலில் நிற்கிறாள், மஞ்சுளா ஜெபவீட்டில் அழுகிறாள், முன்னால் ஒரு முட்டை வண்டி திடீரென்று வேகம் குறைக்கிறது, அருணகிரி பிரேக்கை மெதுவாக, மிக மெதுவாக, படுக்கையில் இருப்பவன் ஒரு அங்குலம்கூட நகராதபடி மிதித்தான். எதற்கு அப்படி மிதித்தான் என்று யோசிக்கும் முன்னால் வாய் பேசிவிட்டது, அதுவும் தாழ்ந்த குரலில்.

"மெதுவாப் பேசுங்க. அவன் தூங்கறானுங்க."

"தூங்கறானா? உன்ற கையில வண்டியக் குடுத்துட்டு அவன் தூங்கறானா?" முதலாளி சிரித்தார். "பரவால்லியே! செரி செரி, தூங்கட்டும், எறக்கீட்டுச் சொல்லு."

போன் அணைந்தது. பொய் என்பது பின்னால் படுத்திருப்பவனுக்குத் தெரியும். அந்தப் பொய்யை முதலாளிக்காகச் சொல்லவில்லை, அது அருணகிரிக்குத் தெரிந்தது, அதுவரை தெளிவாகவே இருந்தது. தூங்கு, உன்னை ஒன்றும் செய்யமாட்டேன் என்று அவனிடம் சொன்னேனா? நீ தூங்கவில்லை என்று எனக்குத் தெரியும், பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன் என்று சொன்னேனா? இரண்டுக்கும் ஒரே சொல்தானே வந்தது, ஒரே குரலில். அவன் எதைக் கேட்டிருப்பான்? கண்ணாடியைப் பார்த்தான். குருமூர்த்தி கண்ணை மூடியிருந்தான், இமை துடித்துக்கொண்டிருந்தது, கை கம்பியை விடவில்லை. துறையூர் ரோட்டில் வண்டியைத் திருப்பும்போது அருணகிரி வேகமுள்ளைப் பார்த்தான், இருபத்தைந்தில் இருந்தது. பின்னால் ஒருத்தன் விடாமல் ஹாரன் அடித்தான். வேகத்தைக் கூட்டலாம், சாலை காலியாகத்தான் இருக்கிறது, கூட்டலாம்... கால் இறங்கவில்லை.